பதினைந்து நாள் கணக்கு

உரிமம் சஸ்பெண்ட் ஆன கஸ்டம்ஸ் புரோக்கர்கள் அநேகமாக எல்லோரும் "சார், நான் எந்தத் தப்பும் பண்ணலை" என்றுதான் பேச்சைத் தொடங்குவார்கள். நான் முதலில் கேட்பது வேறு. "ஆர்டர் என்னைக்குக் கைக்கு வந்துச்சு அண்ணாச்சி? தபால் கவர் இருக்கா?" என்பேன். அண்ணாச்சிக்கு முகம் சுருங்கிவிடும். பிழைப்பில் இடி விழுந்து நிற்கிறோம், வக்கீல் கவரைக் கேட்கிறாரே என்று தோன்றுவது இயல்பு. ஆனால் இந்த வகை வழக்கில் தப்பு செய்தாரா இல்லையா என்ற கேள்வி பல மாதம் கழித்துத்தான் வரும். முதலில் வருவது தேதி.

ஆணையில் கையெழுத்தான தேதி ஒன்று. அது தபாலில் கிளம்பிய தேதி வேறு. கைக்கு வந்த தேதி இன்னொன்று. இடைநிறுத்தம் செய்த நாளிலிருந்து பதினைந்து நாளுக்குள் சுங்க ஆணையர் நேரில் விசாரிக்க வாய்ப்பு தர வேண்டும் என்பது விதி. கையெழுத்தான தேதியிலிருந்து அந்தக் கணக்கு ஓடுகிறது. கவர் ஒன்பதாம் நாள் வந்து, பன்னிரண்டாம் நாள் விசாரணை என்று எழுதியிருந்தால் தயாராக மூன்றே நாள். மேல்முறையீட்டுக்கான காலக்கெடுவோ ஆணை கிடைத்த நாளிலிருந்து ஓடும். இரண்டு கணக்கையும் நிரூபிக்க அஞ்சல் முத்திரையைவிட நல்ல சாட்சி கிடையாது.

மதுரை கே.கே. நகரில் உட்கார்ந்துகொண்டு துறைமுக வழக்கு நடத்துவதைப் பார்த்துச் சிலர் சிரிப்பதுண்டு. வைகையில் கப்பல் வருகிறதா என்று கேட்ட நண்பரும் உண்டு. ஆனால் கரூர் ஜவுளி, விருதுநகர் மிளகாய், ராஜபாளையத்து நூல் எல்லாம் தூத்துக்குடி வ.உ. சிதம்பரனார் துறைமுகம் வழியாகத்தான் பெரும்பாலும் வெளியே போகின்றன. ஒவ்வொரு கன்டெய்னருக்கும் ஷிப்பிங் பில் என்ற ஏற்றுமதி ஆவணம் உண்டு. அதைப் போடுவதற்கு ஒரு கஸ்டம்ஸ் புரோக்கர் இருக்கிறார். 2004 ஜூலை 24 அன்று உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை திறக்கப்பட்டதற்குப் பிறகு, தென்மாவட்டத்துக்காரர் ரிட் போட வேண்டுமென்றால் சென்னைக்கு வண்டி ஏற வேண்டியதில்லை. அருப்புக்கோட்டை வழியாக நான்கு வழிச் சாலையில் வந்து, மேலூர் சாலையில் ஒத்தக்கடைப் பக்கம் திரும்பினால் போதும். ஜில்லா கோர்ட்டும் கே.கே. நகரும் வழியிலேயே இருக்கின்றன. அப்படித்தான் கடல் வழக்குகள் இங்கே வருகின்றன.

இந்தத் தொழிலின் அஸ்திவாரம் 1962-ஆம் ஆண்டு சுங்கச் சட்டத்தின் 146-ஆம் பிரிவு. பிறருக்காகச் சுங்க நிலையத்தில் வேலை பார்க்க உரிமம் வேண்டும் என்கிறது அது. கஸ்டம்ஸ் ஹவுஸ் ஏஜென்ட் என்று இருந்ததை 2013-இல் கஸ்டம்ஸ் புரோக்கர் என்று மாற்றினார்கள். துறைமுகத்தில் இன்னமும் 'சி.எச்.ஏ.' என்றுதான் சொல்வார்கள். இப்போது நடைமுறையில் இருப்பவை 2018 மே 14 அன்று வந்த உரிம விதிகள். எழுத்துத் தேர்வு, வாய்மொழித் தேர்வு இரண்டிலும் தேறி, ஐந்து லட்சம் ரூபாய்க்கு உத்தரவாதம் கட்டி உரிமம் எடுக்க வேண்டும். ஒரு ஆணையரகத்தில் உரிமம் எடுத்தவர் தகவல் கொடுத்துவிட்டு நாட்டின் எந்தச் சுங்க நிலையத்திலும் தொழில் செய்யலாம். அதனாலேயே ஓர் இடத்தில் விழும் அடி எல்லா இடத்திலும் வலிக்கும்.

2018 விதிகளில் 16-ஆம் விதிதான் இடைநிறுத்தம் பற்றியது. புரோக்கர் மீது விசாரணை நடந்துகொண்டிருந்தாலோ, நடத்த உத்தேசித்திருந்தாலோ, உடனடி நடவடிக்கை அவசியமான தக்க சந்தர்ப்பங்களில் ஆணையர் உரிமத்தை இடைநிறுத்தலாம். பதினைந்து நாளுக்குள் விசாரணை வாய்ப்பு. விசாரித்த நாளிலிருந்து இன்னொரு பதினைந்து நாளுக்குள் இடைநிறுத்தத்தை விலக்கியோ தொடர்ந்தோ ஆணை. தொடர்வதாக இருந்தால் 17-ஆம் விதியின்படி முறையான விசாரணை. காகிதத்தில் பார்த்தால் நியாயமான ஏற்பாடுதான்.

சட்டத்தின் பார்வையில் இடைநிறுத்தம் தண்டனை அல்ல, இடைக்கால ஏற்பாடு. தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும், உரிமத்தை ரத்து செய்வதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்று. அன்றைக்கே கம்ப்யூட்டரில் லைசென்ஸ் நம்பர் முடக்கப்படுகிறது. பாதி வேலை முடிந்த கன்டெய்னர் சி.எஃப்.எஸ். கிடங்கில் நின்று வாடகை ஏறுகிறது. ஏற்றுமதிக்காரருக்குக் கப்பல் காத்திருக்காது, அவர் அடுத்த வாரமே வேறு ஏஜென்டைப் பிடித்துவிடுவார். சுங்க வேலைக்கான ஜி கார்டு வைத்திருக்கும் பையன்களுக்குச் சம்பளம் கொடுத்தாக வேண்டும். கொடுக்காவிட்டால் அவர்களும் போய்விடுவார்கள், போகும்போது நாலு பார்ட்டிகளையும் கூட்டிக்கொண்டு போவார்கள். ஆறு மாதம் கழித்து உரிமம் திரும்பி வரலாம். அதைப் பயன்படுத்த ஆள் இருக்காது.

அதனால்தான் என்னுடைய வேலையில் பெரும்பகுதி அந்த முதல் பதினைந்து நாளில் நடக்கிறது.

ஆணையை நான் படிக்கும் முறை ஒன்று உண்டு. குற்றச்சாட்டுப் பகுதியை முதல் முறை தாண்டிவிடுவேன். ஒரு வெள்ளைத்தாளை எடுத்து, ஆணையில் வரும் எல்லாத் தேதிகளையும் வரிசையாக எழுதுவேன். சரக்கு வந்த தேதி, பெட்டியைத் திறந்த தேதி, சுங்கச் சட்டத்தின் 108-ஆம் பிரிவின்படி வாக்குமூலம் வாங்கிய தேதி, புலனாய்வு அறிக்கை உரிமம் தந்த ஆணையருக்கு வந்த தேதி, இடைநிறுத்திய தேதி. பக்கத்தில் இரண்டாவது பத்தியாக, அதே காலத்தில் என் கட்சிக்காரர் என்ன செய்துகொண்டிருந்தார் என்று எழுதுவேன். அந்த ஒரு தாளில் பாதி வாதம் கிடைத்துவிடும்.

ஊர் பேர் இல்லாமல் ஒரு கோப்பைச் சொல்கிறேன். வெளிமாநில ஏற்றுமதிக்காரர். ஆயத்த ஆடை என்று ஷிப்பிங் பில், டிராபேக் என்ற சுங்க வரித் திருப்பமும் ஐ.ஜி.எஸ்.டி. ரீஃபண்டும் கேட்டிருந்தார். பெட்டியைத் திறந்தது ஜூன் மாதம். உள்ளே இருந்தது எழுதிய மதிப்புக்கு நெருங்கியும் வராத மட்டச் சரக்கு. ஜூலையில் புரோக்கரைக் கூப்பிட்டு வாக்குமூலம் வாங்கினார்கள். அவர் போனார், கேட்டதையெல்லாம் கொடுத்தார். அறிக்கை ஆணையரகத்துக்குப் போனது நவம்பரில். இடைநிறுத்த ஆணை ஜனவரியில். "அரசின் வருவாய் நலன் கருதி உடனடி நடவடிக்கை அவசியமாகிறது" என்று ஒரு வரி. ஏன் உடனடி என்பதற்குக் காரணமாக ஒரு வரியும் இல்லை.

என் தாளின் இரண்டாவது பத்தியில், ஜூனிலிருந்து ஜனவரி வரை அதே புரோக்கர், அதே சுங்க நிலையத்தில், நாள் தவறாமல் ஷிப்பிங் பில்லும், இறக்குமதிக்கான பில் ஆஃப் என்ட்ரியும் போட்டுக்கொண்டிருந்தார் என்று இருந்தது. அதே அதிகாரிகள் அவற்றைப் பார்த்து, மதிப்பிட்டு, சரக்கை விட்டிருக்கிறார்கள். ஒன்றிலும் குறை சொல்லவில்லை. அந்தப் பட்டியலை சிஸ்டத்திலிருந்து பிரிண்ட் எடுத்து, தேதிவாரியாகக் கட்டி விசாரணையில் வைத்தேன். ஏழு மாதம் ஆபத்தில்லாமல் இருந்தவர் ஜனவரியில் எப்படி ஆபத்தானவர் ஆனார் என்ற கேள்வியைக் குரலை உயர்த்திக் கேட்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. ஆணையர் பட்டியலைப் புரட்டிப் பார்த்தார். இடைநிறுத்தம் விலக்கப்பட்டது. குற்றச்சாட்டு மீதான விசாரணை தனியே, தன் வேகத்தில் நடந்தது. அதுதான் முறையும்கூட.

இந்த வாதம் என் கண்டுபிடிப்பு அல்ல. என்.சி. சிங்கா அண்டு சன்ஸ் வழக்கில் கொல்கத்தா உயர் நீதிமன்றம் 1998-லேயே இதற்கு வழி போட்டுவிட்டது. உடனடித் தேவை இருக்கும்போதுதான் இடைநிறுத்தும் அதிகாரம் பிறக்கிறது. காலம் தாழ்த்திவிட்டு அந்த அதிகாரத்தை எடுத்தால் அடிப்படையே போய்விடுகிறது. துறை தரப்பில் பிறகு எதிர்மனுத் தாக்கல் செய்து, அதில் புதுப்புதுக் காரணங்களைச் சேர்ப்பார்கள். அதற்கும் பதில் இருக்கிறது. மொகிந்தர் சிங் கில் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1977-இல் சொன்னது: ஓர் ஆணை அதில் எழுதியிருக்கும் காரணத்தைக் கொண்டே நிற்க வேண்டும், பின்னால் பிரமாணப் பத்திரத்தில் கொண்டுவரும் காரணங்களால் அதற்கு உயிர் கொடுக்க முடியாது. ஆகவே ஆணையில் என்ன இருக்கிறது என்பதைப் போலவே என்ன இல்லை என்பதையும் முதல் நாளே குறித்துவைத்துக்கொள்ள வேண்டும்.

விசாரணைக்குக் கொண்டுபோகும் இரண்டாவது ஆயுதம் கே.ஒய்.சி. கோப்பு, அதாவது ஏற்றுமதிக்காரர் யார் என்று சரிபார்த்த ஆவணங்கள். இப்போதெல்லாம் பெரும்பாலான ஆணைகள் 10-ஆம் விதியின் 'என்' உட்பிரிவைச் சொல்லாமல் வருவதில்லை. புரோக்கர் தன் கட்சிக்காரரின் ஐ.இ.சி. (ஏற்றுமதி இறக்குமதிக் குறியீட்டு) எண், ஜி.எஸ்.டி. எண், அவர் யார், சொன்ன முகவரியில் இயங்குகிறாரா என்பதை நம்பகமான, சுதந்திரமான ஆவணங்களையோ தகவல்களையோ கொண்டு சரிபார்க்க வேண்டும் என்பது அந்த உட்பிரிவு. பின்னால் அதிகாரிகள் போய்ப் பார்க்கும்போது அந்த முகவரியில் பூட்டு தொங்குகிறது. உடனே, புரோக்கர் சரிபார்க்கவில்லை என்று எழுதிவிடுகிறார்கள்.

இங்கே நிதானம் வேண்டும். ஐ.இ.சி.யைக் கொடுத்தது ஒன்றிய அரசின் வெளிநாட்டு வணிகத் துறை. ஜி.எஸ்.டி. பதிவைக் கொடுத்தது வரித் துறை. இரண்டு அரசு அலுவலகங்கள் இருக்கிறார் என்று சான்று கொடுத்த ஒருவரை, இல்லை என்று புரோக்கர் எப்படிக் கண்டுபிடித்திருக்க வேண்டும்? குனால் டிராவல்ஸ் வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் 2017-இல் தெளிவாகவே சொன்னது: சுங்க முகவர் பரிவர்த்தனையின் உண்மைத்தன்மையை எடைபோடும் இன்ஸ்பெக்டர் அல்ல, ஆவணங்களை நடத்திக்கொடுப்பவர். நேரில் போய்ப் பார்க்க வேண்டும் என்று அந்த உட்பிரிவு சொல்லவில்லை, அரசு ஆவணங்களைக் கொண்டு சரிபார்த்தாலே போதும் என்று டெல்லியில் உள்ள சுங்க மேல்முறையீட்டுத் தீர்ப்பாயமும் பல வழக்குகளில் சொல்லியிருக்கிறது.

ஆனால் சட்டம் பக்கத்தில் இருந்தால் மட்டும் போதாது, காகிதம் கையில் இருக்க வேண்டும். கே.ஒய்.சி. கோப்பைக் கொண்டு வாருங்கள் என்றால் பலர் ஐ.இ.சி. ஜெராக்ஸ் ஒன்றைக் கொண்டு வருவார்கள். எந்தத் தேதியில் வாங்கியது, யார் கொடுத்தது, ஒன்றும் தெரியாது. நல்ல கோப்பு எப்படி இருக்கும் என்பதற்கு, பழைய தலைமுறை அண்ணாச்சி ஒருவர் பராமரித்த கோப்பை ஜூனியர்களுக்கு உதாரணமாகச் சொல்வேன். முதல் தாள் ஏற்றுமதிக்காரர் கொடுத்த அங்கீகாரக் கடிதம், அசலில். அடுத்து ஐ.இ.சி. பக்கம், இணையதளத்திலிருந்து எடுத்த நாளும் நேரமும் அடியில் தெரிகிற மாதிரி பிரிண்ட். ஜி.எஸ்.டி. பக்கமும் அப்படியே. ரிட்டர்ன் ஒழுங்காகப் போட்டிருக்கிறாரா என்ற பட்டியலும் சேர்த்து. அன்னியச் செலாவணிக்கான வங்கியின் ஏ.டி. கோடு கடிதம். பான், ஆதார் நகல்களில் பார்ட்டியின் கையெழுத்து. கடைசியில், அந்த முகவரிக்கு அவரே அனுப்பிய ஒரு பதிவுத் தபாலின் ஒப்புகை அட்டை. அன்றைக்கு ஐம்பது ரூபாய்கூட ஆகாத அந்த அட்டை, சரிபார்க்கவில்லை என்ற குற்றச்சாட்டை நிற்கவிடாமல் செய்துவிடும். 2010 ஏப்ரல் 8 தேதியிட்ட, மத்திய சுங்க வாரியத்தின் 9-ஆம் எண் சுற்றறிக்கையிலேயே என்னென்ன ஆவணம் வாங்க வேண்டும் என்ற பட்டியல் இருக்கிறது. அந்தச் சுற்றறிக்கையைப் படித்துவிட்டேன் என்று சொன்ன புரோக்கரை நான் அபூர்வமாகத்தான் சந்தித்திருக்கிறேன்.

விசாரணையில் மாற்றுக் கோரிக்கை ஒன்றையும் வைக்க வேண்டும். முழுமையாக விலக்க மனமில்லை என்றால், குறிப்பிட்ட சுங்க நிலையங்களுக்கு மட்டும் இடைநிறுத்தத்தைச் சுருக்க 16-ஆம் விதியிலேயே இடம் இருக்கிறது. இதைக் கேட்காமல் விடுபவர்கள்தான் அதிகம். எல்லாம் அல்லது ஒன்றுமில்லை என்று நின்றால் ஒன்றுமில்லாமலே திரும்ப வேண்டிவரும். ஏற்கெனவே தாக்கல் செய்த ஆவணங்களின் வேலையை முடித்துக்கொடுக்க அனுமதி கேட்டு ஒரு மனுவும் தனியாகக் கொடுக்கலாம். அது கிடைத்தால் பார்ட்டிகளிடம் முகம் கொடுக்க முடியும்.

இத்தனைக்குப் பிறகும் இடைநிறுத்தம் தொடரும் என்று ஆணை வந்தால் பாதை இரண்டாகப் பிரிகிறது.

ஒன்று மேல்முறையீடு. 19-ஆம் விதியும் சட்டத்தின் 129-ஏ பிரிவும் சுங்கம், கலால், சேவை வரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்கு வழிகாட்டுகின்றன. செஸ்டாட் என்றால்தான் எல்லோருக்கும் புரியும். ஆணை கிடைத்ததிலிருந்து மூன்று மாதம் அவகாசம். தக்க காரணம் இருந்தால் தாமதத்தை மன்னிக்கவும் அதிகாரம் உண்டு. தென்மண்டல அமர்வு சென்னை ஹாடோஸ் ரோட்டில் சாஸ்திரி பவன் வளாகத்தில் இருக்கிறது. பாண்டியன் எக்ஸ்பிரஸில் ராத்திரி ஏறினால் காலையில் எழும்பூர். ஆணையின் சரி தவறு, சாட்சியம், தண்டனையின் அளவு என்று எல்லாவற்றையும் தீர்ப்பாயம் தொட்டுப் பார்க்கலாம் என்பது இந்தப் பாதையின் பலம். வரிசை நீளம் என்பது பலவீனம். மேல்முறையீட்டோடு, ஆணையை நிறுத்திவைக்கும் மனுவும் விரைந்து விசாரிக்கக் கோரும் மனுவும் சேர்த்தே போட வேண்டும். பிழைப்பு நின்றுபோயிருக்கிறது என்பதை அந்த மனுவில் சம்பளப் பட்டியலோடு காட்ட வேண்டும். அதைவிட்டு உருக்கமாக எழுதி அங்கே பயனில்லை.

மற்றொன்று அரசியலமைப்பின் 226-ஆம் கூறின்படி ரிட். மாற்றுப் பரிகாரம் இருக்கும்போது ஏன் இங்கே வந்தீர்கள் என்பதுதான் அட்மிஷனில் முதல் கேள்வி. கேள்வி வரும் என்று தெரிந்தே போக வேண்டும். வேர்ல்பூல் வழக்கில் 1998-இல் உச்ச நீதிமன்றம் விலக்குகளை வரிசைப்படுத்தியது: அடிப்படை உரிமை மீறல், இயற்கை நீதி மீறல், அதிகார வரம்பே இல்லாமல் செய்த செயல், சட்டத்தின் செல்லுபடியே கேள்விக்குள்ளாவது. இவற்றில் ஒன்றுக்குள் வழக்கு வந்தால் ரிட் நிற்கும். பதினைந்து நாளில் விசாரணை வாய்ப்பே தரவில்லை, விசாரித்த பிறகு ஆணையே வரவில்லை, கேட்ட ஆவணத்தைக் கொடுக்காமல் முடித்துவிட்டார்கள் என்பன போன்ற வழக்குகளை ஒத்தக்கடைக்கே கொண்டுபோவேன். சாட்சியத்தை அலச வேண்டிய வழக்கு என்றால் சென்னைக்கு. ரிட்டில் போய் உண்மை நிலவரத்தை வாதாடினால், மேல்முறையீடு செய்துகொள்ளுங்கள் என்ற ஒரு வரி உத்தரவோடு திரும்ப நேரிடும். அதற்குள் சில மாதம் போயிருக்கும். முதல் இடைநிறுத்த ஆணையை, விசாரணைத் தேதி குறித்திருக்கும்போதே எதிர்த்து ஓடுவதும் அப்படித்தான். நாளைக்கு விசாரணை இருக்கிறதே, அங்கே சொல்லுங்கள் என்பார்கள்.

17-ஆம் விதி விசாரணைக்கான அடுத்த கணக்கு தொண்ணூறு நாள். குற்ற அறிக்கை, அதாவது புலனாய்வு அறிக்கை, கிடைத்த நாளிலிருந்து தொண்ணூறு நாளுக்குள் ஆணையர் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். நோட்டீஸிலிருந்து தொண்ணூறு நாளுக்குள் விசாரணை அதிகாரி அறிக்கை தர வேண்டும். அறிக்கையிலிருந்து தொண்ணூறு நாளுக்குள் இறுதி ஆணை. ஆக ஒன்பது மாதம். இந்தக் கெடுவைத் தாண்டினால் என்ன ஆகும்? நம் உயர் நீதிமன்றம் இதில் உறுதியாக நின்றது. ஏ.எம். அகமது அண்டு கோ, மாஸ்டர்ஸ்ட்ரோக் வழக்குகளிலும், தூத்துக்குடி ஆணையரை எதிர்த்து சான்டன் ஷிப்பிங் சர்வீசஸ் நடத்திய வழக்கில் 2017 அக்டோபரிலும், இந்தக் காலக்கெடு கட்டாயமானது என்றது. பம்பாய் உயர் நீதிமன்றம் 2018-இல் யூனிசன் கிளியரிங் வழக்கில் வேறு பக்கம் போனது. கெடு வழிகாட்டும் தன்மையுடையது, ஆனால் தாமதத்துக்குத் துறை கணக்குச் சொல்லியாக வேண்டும் என்றது. மும்பையில் எடுத்த உரிமத்துக்கும் இங்கே எடுத்த உரிமத்துக்கும் ஒரே விதி என்றாலும் ஒரே முடிவு வரும் என்று சொல்ல முடியாது. என் மனுக்களில் இரண்டு நிலைக்கும் தயாராக எழுதுவேன்: முதலில் கெடு கட்டாயம், அப்படி இல்லை என்றே வைத்துக்கொண்டாலும் தாமதத்துக்கு விளக்கமே இல்லை.

இதில் சிக்கல், குற்ற அறிக்கை ஆணையரகத்துக்கு வந்த தேதி நம் கையில் இருக்காது. அறிக்கையின் மேல் விழுந்த இன்வர்டு முத்திரை துறையிடம்தான் இருக்கும். ஆகவே முதல் பதிலிலேயே, அறிக்கையின் நகலையும் கிடைத்த தேதியையும் கேட்டு எழுத்தில் வைத்துவிட வேண்டும். கொடுத்தால் கணக்குப் போடலாம். கொடுக்காவிட்டால் கொடுக்கவில்லை என்பதே ஒரு காரணமாகும்.

விசாரணைக் கட்டத்தில் புரோக்கர்கள் கைவிடும் உரிமை ஒன்று உண்டு, குறுக்கு விசாரணை. 17-ஆம் விதியின் நான்காவது உட்பிரிவு அதைத் தருகிறது. மறுத்தால் காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும். "ஏஜென்டுக்கு எல்லாம் தெரியும்" என்று ஏற்றுமதிக்காரர் சொன்ன ஒற்றை வாக்குமூலத்தின் மேல்தான் பல வழக்குகள் நிற்கின்றன. அவரைக் கூண்டில் ஏற்றி, எப்போது தெரியும், யார் சொன்னது, எங்கே வைத்து என்று மூன்று கேள்வி கேட்டால் போதும், பல வாக்குமூலங்கள் அதற்குமேல் நிற்பதில்லை.

எல்லா இடைநிறுத்தமும் அநியாயம் என்று நான் சொல்ல மாட்டேன். மாதம் இவ்வளவு என்று உரிமத்தையே வாடகைக்கு விட்டவர்களும் என்னிடம் வந்திருக்கிறார்கள். முகம் தெரியாத ஆளின் ஐ.இ.சி.யில் இன்னொருவர் சரக்கு எடுக்க உதவியவர்களும் வந்திருக்கிறார்கள். புரோக்கர் மீது அரசும் வணிகரும் வைக்கும் நம்பிக்கை பெரிது, அதைக் குலைத்தவரிடம் இரக்கம் காட்ட முடியாது என்று கே.எம். கனாத்ரா வழக்கில் உச்ச நீதிமன்றம் 2016-இல் கண்டிப்பாகவே நின்றது. அப்படிப்பட்டவருக்கும் வக்கீல் வேண்டும். ஆனால் வாதம் வேறு: குற்றத்துக்குத் தக்க தண்டனையா என்பது. ஆஷியானா கார்கோ வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் 2014-இல் அளவுக்கு மீறிய தண்டனை என்று உரிம ரத்தை ஏற்க மறுத்தது. ஐம்பதாயிரம் ரூபாய் வரை அபராதம் போட விதியில் இடம் இருக்கிறது, உத்தரவாதத் தொகையைப் பறிமுதல் செய்யலாம். தொழிலில்லாமல் கழிந்த காலமே போதுமான தண்டனை என்று தீர்ப்பாயம் உரிமத்தைத் திருப்பிக் கொடுத்த வழக்குகளும் ஏராளம்.

இடைநிறுத்தக் காலத்தில் செய்யக் கூடாத காரியம் ஒன்றுண்டு. நண்பருடைய உரிமத்தில் நம் பார்ட்டிகளின் வேலையைப் பார்க்கலாமே என்ற யோசனை அடுத்த நாளே வந்துவிடும். வேண்டாம். உரிமம் கைமாறக் கூடாது என்பது விதி. அகப்பட்டால் நண்பரின் உரிமமும் போகும். நம் வழக்கில் அதுவரை இல்லாத உடனடி அவசியத்தை நாமே துறைக்கு எடுத்துக் கொடுத்ததாகவும் ஆகும்.

ஜெயித்த பிறகு எல்லோரும் நஷ்ட ஈடு கேட்பார்கள். இங்கே நான் ஏமாற்றம்தான் தர வேண்டியிருக்கிறது. நல்லெண்ணத்தில் செய்த செயலுக்கு அரசையோ அதிகாரியையோ பொறுப்பாக்க முடியாது என்று சுங்கச் சட்டத்தின் 155-ஆம் பிரிவு கவசம் போட்டு வைத்திருக்கிறது. கெட்ட எண்ணத்தை நிரூபிப்பது லேசான காரியமல்ல. நீதிமன்றம் உரிமத்தைத் திருப்பித் தரும். போன பார்ட்டிகளையும், போன மாதங்களையும் தராது. பரிகாரத்தின் எல்லை அவ்வளவுதான்.

அதனால்தான் விதியிலேயே ஒரு திருத்தம் வேண்டும் என்கிறேன். நோட்டீஸுக்குக் கெடு இருக்கிறது, அறிக்கைக்குக் கெடு இருக்கிறது, இறுதி ஆணைக்குக் கெடு இருக்கிறது. இடைநிறுத்தம் அதிகபட்சம் எத்தனை நாள் நீடிக்கலாம் என்பதற்கு மட்டும் கெடு இல்லை. அரசு ஊழியர் ஒருவரை சஸ்பெண்ட் செய்தால், குற்றப் பத்திரம் கொடுக்காமல் மூன்று மாதத்துக்கு மேல் அதை நீட்டக் கூடாது என்று அஜய் குமார் சௌத்ரி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2015-இல் சொல்லிவிட்டது. அவருக்காவது மாதாமாதம் பிழைப்பூதியம் உண்டு. கஸ்டம்ஸ் புரோக்கருக்கு அதுவும் கிடையாது. தொண்ணூறு நாளுக்குள் நோட்டீஸ் வராவிட்டால் இடைநிறுத்தம் தானாக விலகும் என்ற ஒரே ஒரு வரியை, 2018 விதிகளை அடுத்த முறை திருத்தும்போது வாரியம் 16-ஆம் விதியில் சேர்க்க வேண்டும். புரோக்கர் சங்கங்கள் மற்ற கோரிக்கைகளைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டு, இந்த ஒரு வரிக்காக டெல்லிக்கு எழுத வேண்டும்.